'எழுதிவிட்டேன்' என்று எப்போது சொல்லலாம்? விண்கல மென்பொருளில் தரவைக் கோப்பாக்கும் கூறு

மதுரையில் நான் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில், சென்ற பருவத்தில் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு சிறிய சோதனையை அமைத்திருந்தார்கள். மேசைமேல் ஒரு ராஸ்பெர்ரி பை பலகை, அதில் ஒரு மெமரி கார்டு, பலகைக்கு வரும் மின்சாரத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு நொடியில் துண்டித்து மறுபடி கொடுக்கும் ஒரு ரிலே. பலகையில் ஓடிய நிரல், செயற்கைக்கோளில் ஒரு கேமரா செய்வதைப் போலப் போலித் தரவை உண்டாக்கிக் கோப்புகளாக எழுதியது. ஒவ்வொரு கோப்பும் முடிந்தவுடன், பக்கத்திலிருந்த மடிக்கணினிக்கு சீரியல் கேபிள் வழியே 'எழுதப்பட்டது' என்று ஒரு வரி அனுப்பியது. காலையிலிருந்து ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. மாலையில் கார்டைக் கழற்றி, அதிலிருந்த கோப்புகளையும் மடிக்கணினியில் சேர்ந்திருந்த வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்று கோப்புகளுக்குப் பெயர் இருந்தது, அளவு பூஜ்யம். உள்ளே ஒரு பைட் கூட இல்லை. அந்த மூன்றுக்கும் 'எழுதப்பட்டது' என்ற வரி தவறாமல் வந்திருந்தது.

தரவு தொலைந்ததை விட, தொலைந்த தரவைக் காப்பாற்றிவிட்டதாக நிரல் சொன்னதுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. விண்கலத்தில் தரவைச் சேமிக்கும் கூறு பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. வருவதை வாங்கிக் கோப்பாக எழுதுவதுதான் அதன் வேலை. ஆனால் அதன் வடிவமைப்பில் உள்ள கடினமெல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: 'எழுதிவிட்டேன்' என்ற சொல்லை அது எந்தக் கணத்தில் சொல்ல உரிமை பெறுகிறது? அந்தச் சொல்லை நம்பித்தான் நினைவகம் விடுவிக்கப்படுகிறது, அட்டவணையில் பதிவு ஏறுகிறது, தரையில் இருப்பவர்கள் அடுத்த நாள் திட்டத்தை வகுக்கிறார்கள்.

முதலில் இந்தக் கூறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கலாம். விண்கலம் தரைநிலையத்துடன் எப்போதும் பேசிக்கொண்டிருப்பதில்லை. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் ஒரு செயற்கைக்கோள், ஒரு குறிப்பிட்ட தரைநிலையத்தின் வானில் தொடர்ந்து தெரிவது சில நிமிடங்கள்தான். எஞ்சிய நேரத்தில் அதன் கருவிகள் உண்டாக்கும் படங்களையும் அளவீடுகளையும் கலத்துக்குள்ளேயே வைத்துக் காக்க வேண்டும். வெப்பநிலை, மின்னழுத்தம் போன்ற நிலவர எண்கள் அவ்வப்போது சிறு துணுக்குகளாக இறங்கிக்கொண்டிருக்கும். அவை ஒரு வகை. ஒரு படம், ஒரு நிறமாலை, ஒரு மணி நேர அதிர்வுப் பதிவு என முழுமையாக, அடையாளத்தோடு, முன்னுரிமையோடு சேமித்து அனுப்ப வேண்டியவை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையையே தரவுத் தொகுப்பு என்று இங்கே சொல்கிறேன். 'டிஸ்கில் எழுதுவது' என்று பழக்கத்தில் சொன்னாலும், இன்றைய கலங்களில் சுழலும் தட்டு ஏதும் இல்லை. இருப்பது பெரும்பாலும் ஃபிளாஷ் நினைவகம்.

இத்தகைய கூறு எப்படி அமைகிறது என்பதைப் படித்தறிய, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் உருவாக்கி 2017-இல் திறமூலமாக வெளியிட்ட எஃப் பிரைம் என்ற மென்பொருள் சட்டகம் நல்ல இடம். செவ்வாயில் 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முதலாகப் பறந்து, மொத்தம் 72 முறை பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் மென்பொருள் இதன்மேல் கட்டப்பட்டதுதான். இச்சட்டகத்தில் தரவுத் தொகுப்பைக் கையாளும் வேலை மூன்று கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, கேட்பவருக்கு, தரவைத் தற்காலிகமாக வைக்க ஒதுக்கிய நினைவகத் துண்டான பஃபரைக் காலியாகப் பெற்றுத் தந்து, நிரம்பிய பஃபரை வாங்கி முன்னே அனுப்பும் மேலாளர். இரண்டாவது, அந்தப் பஃபரைக் கோப்பாக எழுதும் எழுத்தர். மூன்றாவது, என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, எதை முதலில் தரைக்கு அனுப்ப வேண்டும் என்று கணக்கு வைக்கும் அட்டவணை. மூன்றையும் ஒரே கூறாக எழுதியிருக்கலாம். மாணவர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஃபிளாஷில் எழுதுவது மெதுவான, எப்போது முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வேலை. பஃபர் கேட்டு நிற்கும் கேமராக் கூறு அந்த வேலைக்காகக் காத்திருக்கக் கூடாது. எனவே எழுத்தருக்குத் தனி இழையும் (மற்றவற்றுக்குக் காத்திராமல் தனியாக ஓடும் நிரல் ஓட்டம்), அதன் வாசலில் ஒரு வரிசையும் தேவைப்படுகின்றன.

அந்த வரிசையின் நீளத்தை எப்படித் தீர்மானிப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொகுப்பின் அளவு 1 எம்பி, ஃபிளாஷ் நொடிக்கு 5 எம்பி எழுதும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது எழுத்தர் நொடிக்கு 5 தொகுப்புகளை முடிக்கும். கேமரா 5 நொடிகளுக்குத் தொடர்ந்து நொடிக்கு 8 படங்கள் எடுக்கிறது என்றால், வந்து சேர்வது 40, எழுதி முடிவது 25, வரிசையில் நிற்பது 15. இதோடு கணக்கு முடியாது. ஃபிளாஷில் ஏற்கனவே எழுதிய இடத்தின்மேல் அப்படியே திரும்ப எழுத முடியாது; ஒரு பெரிய தொகுதியை முழுதாக அழித்த பிறகுதான் அங்கே எழுத முடியும். அந்த ஒழுங்குபடுத்தும் வேலை இடையில் வந்தால் எழுத்தர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். ஒரு நொடி நின்றுவிட்டால் மேலும் 5 தொகுப்புகள் தேங்கி, வரிசையில் 20 நிற்கும். அத்தனைக்கும் பஃபர் வேண்டும், அதாவது 20 எம்பிக்குக் குறையாத நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். விண்கல மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக நினைவகம் கேட்பது தவிர்க்கப்படுகிறது. தொடக்கத்தில் ஒதுக்கியது எவ்வளவோ, பயணம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

அந்த 20-உம் போதாமல் போனால்? எங்கள் பக்கத்துக் கண்மாயைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மாடக்குளம் கண்மாயோ வண்டியூர்க் கண்மாயோ, கண்மாய் என்று வெட்டியவர்கள் மடையோடு, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கையும் கட்டினார்கள். நிறைந்த பிறகு வரும் தண்ணீர் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமல் விட்டால், தண்ணீரே ஓரிடத்தைத் தீர்மானித்துக் கரையை உடைத்துக்கொண்டு போகும். மென்பொருள் வரிசைக்கும் கலுங்கு வேண்டும். எஃப் பிரைமில் வரிசை நிறைந்தால் என்ன நடக்க வேண்டும் என்று வடிவமைப்பாளரே எழுதித் தர வேண்டும்: அனுப்பியவரைக் காத்திருக்க வைக்கலாம், வந்ததைக் கைவிடலாம், கைவிடும் முன் நாம் தரும் ஒரு சிறு நிரலை இயக்கலாம், எதுவும் சொல்லாவிட்டால், அதை ஒரு வடிவமைப்புப் பிழையாகக் கொண்டு மென்பொருளே நின்றுவிடும்.

என் கருத்தில், கலுங்கை எழுத்தரின் வாசலில் வைப்பதே தாமதம். நிரம்பிய பஃபர் எழுத்தரின் வாசலுக்கு வந்துவிட்டது என்றால், அந்தப் படத்துக்கான மின்சாரமும் நேரமும் ஏற்கனவே செலவாகிவிட்டன. மாறாக, பஃபர்களின் எண்ணிக்கையை வரிசையின் நீளத்துக்கு மிகாமல் வைத்துவிட்டால், வரிசை நிறைவது என்பதே நடக்காது. அதற்கு முன்பே பஃபர் தீர்ந்துவிடும். அப்போது கேமராக் கூறு கேட்கும்போதே 'இப்போது இல்லை' என்ற பதில் கிடைக்கிறது. எந்தப் படத்தை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்தது அந்தக் கூறுதான். முடிவும் அங்கேயே எடுக்கப்படும். தலைமடையில் அளந்து விட்டால் கடைமடையில் கரை உடையாது.

இந்த ஏற்பாடு நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. எழுத்தரிடம் வந்த ஒவ்வொரு பஃபரும், எழுதப்பட்டாலும் எழுதப்படாவிட்டாலும், திரும்பியே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அண்டாவைப் போல: விருந்து நடந்தாலும் நின்றாலும் பாத்திரம் கடைக்குப் போயாக வேண்டும். மாணவர்களின் நிரல்களை நான் திருத்தும்போது முதலில் தேடுவது இதைத்தான். எல்லாம் சரியாக நடக்கும் வழியில் பஃபரைத் திருப்பும் வரி இருக்கும். கோப்பைத் திறக்க முடியாமல் போனால் பிழைச் செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே திரும்பிவிடுவார்கள், பஃபர் கையிலேயே தங்கிவிடும். இப்படி 20 முறை நடந்தால் கலத்தில் ஒரு பஃபரும் இருக்காது. அன்றோடு அறிவியல் வேலை நின்றது. நின்றதற்கான காரணமோ பல வாரங்களுக்கு முன் வந்த ஒரு சிறு பிழைச் செய்தியில் கிடக்கும். எனவே திருப்பும் வரியை ஒரே இடத்தில் எழுதி, எல்லா வழிகளும் அங்கே வந்துதான் வெளியேற வேண்டும் என்று கட்டுவதே நல்லது.

இனி வந்த பஃபருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எஃப் பிரைமில் ஒவ்வொரு தொகுப்பின் தொடக்கத்திலும் ஒரு தலைப்பகுதி இருக்கிறது. அதில் தொகுப்பின் அடையாள எண், முன்னுரிமை, நேரம், எழுதும் முன் செய்ய வேண்டிய வேலைகள், அனுப்பப்பட்டதா இல்லையா என்ற நிலை, தரவின் அளவு ஆகியவை உள்ளன. அதையடுத்து அந்தத் தலைப்பகுதிக்கு மட்டும் ஒரு சரிபார்ப்பு எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுச் சேர்ப்பது; உள்ளடக்கம் மாறியிருந்தால் பொருந்தாது), பிறகு தரவு, கடைசியில் தரவுக்கென்று தனியாக இன்னொரு சரிபார்ப்பு எண்.

சரிபார்ப்பு ஏன் இரண்டு என்ற கேள்விக்கு விடை, கொடைக்கானலில் இருக்கிறது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அங்கே 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைக் கண்ணாடித் தட்டுகளிலும் படலங்களிலும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு தட்டின் ஓரம் பழுதாகியிருந்தாலும் மிச்சமுள்ள பகுதி ஆய்வுக்குப் பயன்படும். ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பு இல்லையென்றால், படம் எவ்வளவு தெளிவாக இருந்தும் சூரியப் புள்ளிகளின் வரலாற்றில் அதற்கு இடமில்லை. தலைப்பகுதிக்கும் தரவுக்கும் உள்ள உறவு இதுதான். தலைப்பகுதியின் எண் பொருந்தவில்லையென்றால் உள்ளே இருக்கும் அளவையும் அடையாளத்தையும் நம்ப முடியாது. அந்த அளவை நம்பி எழுதினால் பஃபரின் எல்லையைத் தாண்டிப் படிக்கும் ஆபத்தும் உண்டு. எழுதாமல், எச்சரித்துவிட்டு, பஃபரைத் திருப்புவதே முறை. தரவின் எண் மட்டும் பொருந்தவில்லையென்றால், விண்வெளிக் கதிர்வீச்சு ஒரு பிட்டைப் புரட்டியிருக்கலாம். படத்தில் ஒரு புள்ளி கெட்டிருக்கும், அவ்வளவே. அதை எழுதி வைத்து, தரையில் இருப்பவர்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று விடுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆய்வகத்தை இன்று நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கலத்தின் கரோனா வரைவியை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் படமெடுக்கும் கருவியை, கட்டியது. 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து நாளொன்றுக்கு 1,440 படங்கள், அதாவது நிமிடத்துக்கு ஒன்று, தருவதற்காக அமைக்கப்பட்ட கருவி அது. மலைமேல் தட்டை எடுத்து அலமாரியில் அடுக்கியவர் செய்த வேலையை அங்கே செய்ய ஆள் இல்லை. மென்பொருள்தான் செய்தாக வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைப்பது சிறு விஷயம் போலத் தோன்றும். எஃப் பிரைமில் தொகுப்பின் அடையாள எண், நொடி, மைக்ரோநொடி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பெயர் உருவாகிறது. கடிகாரம் ஒழுங்காக முன்னோக்கி ஓடும் வரை ஒரு பெயர் இரண்டு முறை வராது. எங்கள் மேசையிலிருந்த பலகையில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது, இணையமும் இணைக்கவில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் திரும்பியபோதும், கடைசியாகக் குறித்து வைத்திருந்த நேரத்திலிருந்து அது எண்ணத் தொடங்கியது. கடந்துபோன நேரத்தையே மறுபடி கடந்தது. மாணவர்கள் நொடி வரைக்கும் மட்டுமே பெயரில் சேர்த்திருந்ததால், சில புதிய கோப்புகள் பழையவற்றின்மேல் சத்தமில்லாமல் ஏறிவிட்டன. கலத்தின் கணினி திடீரென மறுதொடக்கம் ஆகி, நேரம் சரிசெய்யப்படும் முன் எழுதத் தொடங்கினால் இதேதான் நடக்கும். எத்தனையாவது தொடக்கம் என்ற எண்ணைப் பெயரில் சேர்ப்பதும், ஏற்கனவே உள்ள பெயரில் எழுத மறுப்பதும் மலிவான காப்பு.

இப்போது அந்த மூன்று வெற்றுக் கோப்புகளுக்கு வருகிறேன். அந்தப் பலகையின் இயங்குதளமான லினக்ஸில் ஒரு நிரல் 'எழுது' என்று சொல்லி, 'ஆயிற்று' என்ற பதிலைப் பெறும்போது, தரவு கார்டுக்குப் போயிருக்காது. இயங்குதளத்தின் ஓடும் நினைவகத்தில் நகலாகியிருக்கும், அவ்வளவே. அதைக் கார்டில் இறக்க, வழக்கமான அமைப்பில், சுமார் 30 நொடிகள் வரை ஆகலாம். ஆனால் கோப்பின் பெயரும் விவரமும் வேறு வழியில் போகின்றன: லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், கோப்பு விவரங்களின் மாற்றங்களைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு வழக்கமாக 5 நொடிகளுக்கு ஒருமுறை பதிவாகிறது. பெயர் முந்திக்கொள்கிறது, உள்ளடக்கம் பிந்துகிறது. இந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பெயர் மட்டும் மிஞ்சும். கோப்பை மூடிவிட்டாலும் இது மாறாது. மூடுவதற்கும் இறக்குவதற்கும் சம்பந்தமில்லை. எக்ஸ்ட்4 பரவலாகத் தொடங்கிய 2009-இல் சாதாரண மேசைக்கணினிப் பயனர்களே இந்த வெற்றுக் கோப்புகளைக் கண்டு திகைத்தார்கள்.

தீர்வு பல காலமாகத் தெரிந்ததுதான். படிகளின் வரிசை மாறக் கூடாது என்பது மட்டுமே கண்டிப்பு. அட்டவணை கவனிக்காத ஒரு தற்காலிகப் பெயரில் கோப்பைத் திறந்து எழுத வேண்டும். எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை கேட்ட எண்ணிக்கைதானா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இடம் தீரும் தறுவாயில் பாதி மட்டும் எழுதப்படலாம். பிறகு எஃப்சிங்க் என்ற அழைப்பால், உள்ளடக்கம் உண்மையிலேயே கார்டில் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின்பே உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். அந்தப் பெயர்மாற்றமும் நிலைக்க, கோப்புகளின் பெயர்ப்பட்டியலான அடைவையும் அதேபோல் இறக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் 'எழுதப்பட்டது' என்ற அறிவிப்பு அட்டவணைக்குப் போக வேண்டும். இதற்கு நேரம் கூடுதலாகச் செலவாகும். நான் மேலே போட்ட கணக்கில் நொடிக்கு 5 என்பது 4 ஆகலாம், வரிசை நீளலாம். அந்த விலையைப் பஃபரில் கொடுத்துவிடலாம். சிறு கருவிகளுக்கென்று எழுதப்பட்ட லிட்டில்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் கோப்பை மூடும்போதோ இறக்கும்போதோதான் மாற்றம் நிலைபெறும். அங்கே படிகள் குறையும், ஆனால் அறிவிப்பு கடைசியில் என்ற விதி அப்படியேதான் இருக்கும்.

இந்தப் படிகளில் எந்த இடத்தில் மின்சாரம் போனாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். தற்காலிகப் பெயரில் அரைகுறைக் கோப்பு ஒன்று கிடக்கும். அடுத்த தொடக்கத்தில் அதை அழித்துவிடலாம். அல்லது, முழுமையான கோப்பு இருக்கும், அறிவிப்பு மட்டும் போயிருக்காது. அறிவிப்பு இல்லாத கோப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்: தொடக்கத்தில் அடைவைப் படித்துத் தலைப்பகுதிகளைப் பார்க்கும் அட்டவணை அதைக் கண்டுபிடித்துவிடும். கோப்பு இல்லாத அறிவிப்பைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

அடைவைப் படிக்கும் அந்த வேலையையும் அலட்சியமாக விட முடியாது என்பதற்குச் செவ்வாயிலேயே சான்று உண்டு. 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, தன் 18-ஆவது செவ்வாய் நாளில், ஜனவரி 21 அன்று, ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் ஃபிளாஷ் 256 எம்பி, ஓடும் நினைவகம் 128 எம்பி. ஃபிளாஷில் இடம் இருந்தது. சிக்கல் கோப்புகளின் எண்ணிக்கையில். பயண மாதங்களிலிருந்தே சேர்ந்து வந்த கோப்புகளின் அடைவு விவரத்தைக் கோப்பு முறைமை ஓடும் நினைவகத்தில் வைத்துக்கொண்டது. கோப்புகளை அழித்தாலும் அந்த அடைவு சுருங்கவில்லை. நினைவகம் தீர்ந்தது, கணினி மறுதொடக்கம் ஆனது. தொடங்கியவுடன் அதே ஃபிளாஷை அதேபோல் படிக்க முயன்று மறுபடி விழுந்தது. இப்படி 60 முறைக்கு மேல். இரவில் உறங்க முடியாமல் மின்கலமும் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமலே தொடங்கும் ஒரு கட்டளை முன்யோசனையோடு வைக்கப்பட்டிருந்ததால் பொறியாளர்களால் உள்ளே நுழைய முடிந்தது. ஃபிளாஷைத் துடைத்துப் புதிதாக அமைத்தார்கள். அதன் பிறகு ஸ்பிரிட் 2010 மார்ச் வரை பேசிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையைச் சொன்ன மறுநாள் மாணவர்கள் மூன்று மாற்றங்களோடு வந்தார்கள். ஓர் அடைவில் இத்தனை கோப்புகளுக்கு மேல் இல்லை என்று வரம்பு வைத்து, நிறைந்தால் அடுத்த அடைவுக்குப் போகச் செய்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று முறை தொடக்கம் பாதியில் விழுந்தால், நான்காவது முறை கார்டைப் படிக்காமலே எழுந்து தரையின் கட்டளைக்குக் காத்திருக்கும்படி மாற்றியிருந்தார்கள். ஒரே பிழை அடுத்தடுத்து வந்தால் முதல் பத்துச் செய்திகளோடு நிறுத்தி, பிறகு எண்ணிக்கையை மட்டும் ஏற்றும்படி செய்திருந்தார்கள். இல்லையென்றால் இடம் தீர்ந்த ஒரு கார்டு, குறுகிய தொடர்பு நேரம் முழுவதையும் தன் புலம்பலாலேயே நிரப்பிவிடும். அறிவிப்பு அனுப்பும் வரியையும் கடைசிக்கு நகர்த்தியிருந்தார்கள். ரிலேயை மறுபடி காலையில் ஓட விட்டோம். மாலையில் கார்டில் அறிவிப்பு வராத கோப்புகள் இரண்டு இருந்தன. இரண்டையும் திறந்து சரிபார்ப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தோம், பொருந்தின. கோப்பு இல்லாத அறிவிப்பு ஒன்றும் இல்லை.